மாலை ஏழு மணிக்குக் கத்தும் பறவை



கடந்த மாதம் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், எல்லாரும் கைதட்டி வரவேற்ற ஒரு நன்கொடையை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நான்தான். அந்த நன்கொடை ஒரு பறவை. தலையில் விசிறிபோல் விரியும் கொண்டையுடன், பாலில் முக்கி எடுத்ததுபோன்ற வெள்ளை நிறக் கொண்டைக்கிளி. மலாய்க்காரர்கள் 'காக்காத்துவா' என்பார்கள். நம்மவர்களும் அப்படியேதான் சொல்லிப் பழகிவிட்டோம். மாணவர் ஒருவரின் தந்தை அதனைப் பெரிய இரும்புக் கூண்டோடும் ஓராண்டுக்குரிய தீவனச் செலவோடும் பள்ளிக்கு அளிக்க முன்வந்தார்.

சிற்றுண்டிச்சாலைக்குப் பக்கத்தில் உள்ள அறிவியல் பூங்காவில் வைக்கலாம் என்றார்கள். பிள்ளைகள் பார்த்துக் கட்டுரை எழுதுவார்கள், பேசும் பறவையைப் பார்த்துக் கூச்சமுள்ள பிள்ளையும் வாய் திறக்கும் என்று ஒருவர் சொன்னார். இதைக் கேள்விப்பட்டால் முதலாம் ஆண்டில் இன்னும் நாலு பிள்ளைகள் கூடுதலாகச் சேர்வார்கள் என்றார் மற்றொருவர். தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுகின்றவர்களுக்கு அந்தக் கடைசி வாதத்தின் கனம் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் சனவரி நெருங்கும்போது வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகின்றவர்கள் நாம். இருந்தும் நான் எழுந்து, "இந்தக் கூண்டு நம் பள்ளிக்கு வேண்டாம்" என்றேன்.

"டீச்சர் கோழி சாப்பிடுறது இல்லீங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கோழி சாப்பிடுகிறவள்தான். காரணங்களை எடுத்துச் சொல்ல நேரமில்லாமல், அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வோம் என்று தலைமையாசிரியர் ஒத்திவைத்துவிட்டார். அன்று சொல்ல முடியாமற்போனதை இங்கே விரிவாக எழுதுகிறேன். எங்கள் பள்ளியைப் போலவே இன்னும் பல பள்ளிகளில் புறாக்கூண்டும் முயல்கூண்டும் கிளிக்கூண்டும் இருக்கின்றன. ஆகவே இது எங்கள் பள்ளியின் தனிச்சிக்கல் மட்டுமன்று எனக் கருதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ஆங்கிலேயர், தச்சுக்காரர் முதலிய ஐரோப்பியர் இந்தப் பறவைக்கு வழங்கும் பெயர்களெல்லாம் நம் வட்டார மலாய்ச் சொல்லிலிருந்து போனவைதாம். மலாய்ப் பாட்டும் நமக்குத் தெரியும். பாலர் பள்ளியில் படித்த எந்த மலேசியப் பிள்ளையும் காக்காத்துவாப் பாட்டைப் பாடாமல் வளர்ந்திருக்க முடியாது. பெயர் நம் ஊருடையது, பாட்டும் நம் ஊருடையது. ஆனால் அந்தப் பறவை நம் தீபகற்பத்துக் காடுகளில் இயற்கையாக வாழ்வது கிடையாது! இதை என் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. கூட்டத்தில் இருந்த பெரியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்பதும் எனக்கு ஐயமே.

ஆல்பிரட் ரசல் வாலசு என்னும் இயற்கை ஆய்வாளர் 1856-ஆம் ஆண்டில் பாலித்தீவிலிருந்து லோம்பொக் தீவுக்குக் கடல் கடந்தார். இடையில் இருப்பது ஒரு குறுகிய நீரிணை மட்டுமே. பாலியில் கண்ணில் படாத வெள்ளைக் கொண்டைக்கிளிகள் லோம்பொக்கில் காணப்பட்டதை அவர் வியப்போடு குறித்துக்கொண்டார். மேற்கே ஆசியாவின் விலங்குகள், கிழக்கே ஆஸ்திரேலியாவைச் சார்ந்த விலங்குகள் என்று பிரிக்கும் எல்லைக்கோடு ஒன்று அந்த நீரிணை வழியே ஓடுகிறது என்னும் முடிவுக்கு அவர் வருவதற்கு உதவிய பறவைகளுள் இதுவும் ஒன்று. இன்று அதனை வாலசுக் கோடு என்கிறோம். அக்கோட்டுக்குக் கிழக்கே சுலாவெசி, சும்பா, மாலுக்குத் தீவுகள், தனிம்பார், நியூகினி, ஆஸ்திரேலியா முதலியவை வெள்ளைக் கொண்டைக்கிளிகளின் சொந்த நிலம். வாலசு பார்த்த அதே லோம்பொக்கில் இன்று அப்பறவை ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்தே தீர்த்துவிட்டார்கள்.

பள்ளிக்கு வரவிருந்த பறவை குடைக் கொண்டைக்கிளி என்னும் இனம். அதன் தாயகம் வட மாலுக்கு. ஹல்மஹேரா, பச்சான் முதலிய தீவுகளின் காடுகள். இந்த இனத்தைக் காட்டில் வைத்து நெடுநாள் ஆராய்ந்தவர்கள் குறைவு. அதனுடைய நெருங்கிய உறவினமான பெரிய மஞ்சள் கொண்டைக்கிளியைப் பற்றித்தான் நமக்கு நிறையத் தெரியும். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் காட்டிலும் வயலிலும் நகரத்திலும் கூட்டங்கூட்டமாக வாழ்வது அது. ஆகவே பின்வரும் செய்திகளிற் பெரும்பாலானவை அப்பறவையைப் பற்றியவை.

அதன் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் ஒரே மரத்தோப்பில் இரவு தங்கிய பத்து, ஐம்பது, சில இடங்களில் நூற்றுக்கணக்கான பறவைகள் ஒருமிக்கக் கத்திவிட்டுப் புறப்படுகின்றன. அந்தக் கத்தல் காது கிழியும் தன்மையது. அடர்ந்த காட்டில் நெடுந்தொலைவில் இருக்கும் கூட்டாளிக்குக் கேட்க வேண்டுமே! பிறகு தரையில் இறங்கிப் புல்விதைகளையும் கிழங்குகளையும் தோண்டித் தின்கின்றன. வெள்ளை நிறம் பச்சைப் புல்வெளியில் எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியும். பருந்துக்கும் தெரியும். ஆதலால் கூட்டம் தரையில் மேயும்போது சில பறவைகள் பக்கத்து மரத்தின் உச்சியில் அமர்ந்து காவல் காக்கின்றன. ஆபத்து வந்தால் அவை எழுப்பும் ஓலத்தில் மொத்தக் கூட்டமும் வானில் எழும்பிவிடும். ஆஸ்திரேலியாவில் சட்டத்துக்குப் புறம்பாகச் சூதாடுகின்ற இடங்களில் போலீசு வருகிறதா என்று வெளியே நின்று பார்த்துக்கொள்பவனுக்கே 'காக்கட்டூ' என்று பட்டப்பெயர் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பகல் வெயிலில் மரத்தில் அமர்ந்துகொண்டு கிளைகளையும் இலைகளையும் கடித்துத் துண்டுதுண்டாக உதிர்க்கின்றன. இது குறும்பு போலத் தோன்றும். வாழ்நாளெல்லாம் வளர்ந்துகொண்டே இருக்கும் அலகைத் தேய்த்துச் சீராக வைத்துக்கொள்வதற்கு இது உதவுகிறது. இணைப்பறவைகள் ஒன்றன் தலையை ஒன்று கோதிவிடுகின்றன. கால் விரல்களில் இரண்டு முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் இருப்பதால் உணவைக் கையில் பிடிப்பதுபோல் காலில் பிடித்துத் தின்னும். இதில் ஒரு வேடிக்கை. பெரிய மஞ்சள் கொண்டைக்கிளிகள் ஏறத்தாழ எல்லாமே இடக்காலைத்தான் பயன்படுத்துகின்றன! இடக்கையால் எழுதியதற்காக என் தம்பி வாங்கிய அடிகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. அது பழைய கதை, விடுங்கள்.

மாலையானதும் அவை மீண்டும் தங்குமரத்துக்குத் திரும்புகின்றன. இருட்டுவதற்கு முன்புள்ள அந்த அரைமணி நேரம் அங்கே பெரிய ஆரவாரமாக இருக்கும். நாள் முழுவதும் சிறுசிறு குழுக்களாகப் பிரிந்துபோனவை அப்போதுதான் ஒன்றுகூடுகின்றன. ஒன்று கத்தும், மற்றது பதில் கத்தும், இடத்துக்குச் சண்டை பிடிக்கும், பிறகு அடங்கும். இந்த மாலைக் கத்தலை மட்டும் மறவாமல் நினைவில் வைத்திருங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இனப்பெருக்கத்தில் இவை மிகவும் நிதானமானவை. முதிர்ந்த மரத்தின் பொந்தில்தான் முட்டையிடும். இரண்டு அல்லது மூன்று முட்டை. தாயும் தந்தையும் மாறிமாறி ஒரு மாத அளவுக்கு அடைகாக்கின்றன. குஞ்சு கூட்டைவிட்டு வெளிவர மேலும் ஒன்பது பத்து வாரம் பிடிக்கும். வந்த பிறகும் பல மாதங்கள் பெற்றோருடனேயே சுற்றும். எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது, யாரைக் கண்டால் பறக்க வேண்டும் என்பதையெல்லாம் அப்போதுதான் கற்றுக்கொள்கிறது. பெரிய பறவை நுழையத்தக்க ஒரு பொந்து யூகலிப்டசு மரத்தில் தானாக உண்டாவதற்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட மரத்தை வெட்டினால், புதிதாக ஆயிரம் கன்று நட்டாலும் நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை அந்தப் பறவைக்கு வீடு கிடையாது.

இப்போது ஆசிரியர்களுக்குரிய பகுதிக்கு வருகிறேன். இந்தப் பறவைகள் கற்றுக்கொள்ளும் விதம் என்னை உண்மையிலேயே அயர வைத்தது.

சிட்னி நகரின் புறநகர்களில் வீட்டுக்கு வெளியே மூடிபோட்ட குப்பைத்தொட்டிகளை வைப்பார்கள். நம் தாமான்களில் உள்ள சக்கரத்தொட்டிகள் மாதிரிதான். அந்தக் கனத்த மூடியை அலகால் நெம்பி, ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, தொட்டியின் விளிம்பிலேயே நடந்துசென்று, மூடி பின்புறம் விழும்வரை தள்ளிவிடுகிற வித்தையைச் சில கொண்டைக்கிளிகள் கண்டுபிடித்தன. ஆய்வாளர்கள் குடியிருப்பாளர்களிடம் விசாரித்தார்கள். 2018-க்கு முன்பு இப்படி நடப்பதாகச் சொன்ன புறநகர்கள் 3. 2019-ஆம் ஆண்டு இறுதிக்குள் 44. 2021-இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் இதனை வெளியிட்டார்கள். அந்த வித்தை ஆங்காங்கே தோன்றவில்லை. முதலில் பக்கத்துப் புறநகருக்கு, பிறகு அதற்கடுத்ததற்கு என்று அலைபோலப் பரவியது. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டதன் அடையாளம் அது. அதைவிட வியப்பு, திறக்கும் முறை ஊருக்கு ஊர் சற்று வேறுபட்டது. நம்மிடையே சிரம்பான் தமிழும் பினாங்குத் தமிழும் கொஞ்சம் வேறுபடுவதில்லையா? அதுபோலத்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. நிறப்புள்ளி இட்டு அடையாளப்படுத்திய ஏறக்குறைய ஐந்நூறு பறவைகளில் பத்தில் ஒரு பங்குதான் தொட்டியைத் திறக்கக் கற்றிருந்தது. மற்றவை பக்கத்தில் காத்திருந்து, திறந்தபின் வந்து தின்றன. இதைப் படித்தபோது குழுமுறைக் கற்றல் பாடவேளையில் என் நான்காம் ஆண்டு வகுப்பு கண்முன் வந்து நின்றது என்று சொன்னால் மாணவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன்.

சிட்னிவாசிகள் சும்மா இருந்தார்களா? மூடிமேல் செங்கல் வைத்தார்கள். பறவை செங்கலைத் தள்ளிவிட்டது. மூடியின் கீலில் பழைய செருப்பைச் செருகினார்கள், ரப்பர்ப் பாம்பு போட்டார்கள், தண்ணீர்ப் போத்தலைக் கட்டினார்கள். ஒருவர் செய்ததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் செய்தார். 2022-இல் இந்தப் போட்டியைப் பற்றியும் ஒரு கட்டுரை வந்தது. இதில் பறவை மனிதனிடம் கற்கிறதா, மனிதன் பறவையிடம் கற்கிறானா என்பதே குழப்பந்தான்.

2025-இல் வந்த ஆய்வு இன்னும் சுவையானது. மேற்குச் சிட்னியில், கைப்பிடியைத் திருகிப் பிடித்துக்கொண்டால் மட்டுமே நீர் வரும் குடிநீர்க் குழாய்கள் பூங்காக்களில் உள்ளன. கொண்டைக்கிளி ஒரு காலைத் தண்டின்மேலும் மறுகாலைக் கைப்பிடியின்மேலும் வைத்து, உடல் எடையைச் சாய்த்துத் திருகி, குனிந்து குடிக்கிறது. மற்றவை வேலிமீது வரிசையாக அமர்ந்து முறைக்காகக் காத்திருக்கின்றன. நிறைய முயற்சிகளை எண்ணிப் பார்த்ததில் பாதிக்கும் குறைவானவையே வெற்றி பெற்றன. அதாவது நூற்றுக்கு ஐம்பது புள்ளிகூடக் கிடைக்கவில்லை! ஆனாலும் மறுநாள் காலையில் மீண்டும் வந்து வரிசையில் நிற்கின்றன. ஒரே தேர்வில் குறைந்த புள்ளி வாங்கியதற்காக மகளை இனிமேல் கணிதத்துக்கு லாயக்கில்லை என்று என்முன்னால் திட்டிய ஓர் அம்மையாரிடம் இந்தச் செய்தியைச் சொல்லியிருக்கிறேன்.

நகரத்தில் குப்பையைக் கிளறியது ஒருபுறம் இருக்கட்டும். இந்தோனேசியாவின் தனிம்பார் தீவுகளில் வாழும் சிறிய வெள்ளைக் கொண்டைக்கிளிகள் கருவி செய்கின்றன. நம் நாட்டில் சாலையோரங்களில் 'பொங் பொங்' என்று நட்டு வைத்திருக்கிறார்களே, அந்த மரத்தின் நெருங்கிய இனமான கடல் மாங்காயின் கொட்டை மிகவும் கடினமானது. அதன் உள்ளே இருக்கும் பருப்பை எடுக்க, பறவை மரக்கிளையிலிருந்து வெவ்வேறு பருமனில் குச்சிகளைச் செதுக்கிக்கொண்டது. கொட்டையின் பிளவை ஆப்புப்போல் விரித்து வைக்கத் தடித்த குச்சி, உள்தோலைக் குத்திக் கிழிக்கக் கூரான குச்சி, பருப்பை வழித்தெடுக்கக் கரண்டிபோல் ஒரு குச்சி. 2021-இல் இதைப் பதிவு செய்தார்கள். காட்டிலிருந்து பிடித்துச் சில நாள் வைத்திருந்து பின் விட்டுவிட்ட 15 பறவைகளில் 2 மட்டுமே இதைச் செய்தன. எல்லாவற்றுக்கும் பிறவியிலேயே வருகின்ற வித்தையாக இருந்தால் 15-உம் செய்திருக்க வேண்டுமல்லவா? யாரோ ஒரு பறவை தானே முட்டிமோதிக் கண்டறிந்ததாகத்தான் தெரிகிறது.

இனி, 'சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை' என்று நாம் வகுப்பறையில் சொல்லும் பேச்சைப் பார்ப்போம். பொருள் புரியாமல் மனப்பாடம் செய்யும் மாணவனை அப்படித் திட்டுகிறோம். நானும் திட்டியிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் கிளி ஏன் சொன்னதைச் சொல்கிறது? கூட்டமாக வாழும் அந்தப் பறவைக்குத் தன் கூட்டத்தின் ஓசையைக் கற்றுக்கொண்டால்தான் கூட்டத்தில் இடம். காட்டில் அது கொண்டைக்கிளியின் ஓசையைக் கற்கிறது. கூண்டில் அதற்குக் கிடைத்த கூட்டம் நாம்தான். ஆகையால் நம் ஓசையைக் கற்கிறது. சிட்னியில் காட்டுப்பறவைகளே ஆங்கிலத்தில் முகமன் கூறுவதாக ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்குத் தகவல்கள் வந்ததுண்டு. வீட்டிலிருந்து தப்பிய பறவைகளிடம் மற்றவை கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்றார்கள். நாம் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம், காசு கொடுத்து வாங்குகிறோம், காணொளி எடுக்கிறோம். "கூட இருக்க ஒருவரும் இல்லையே, உன்னையாவது சேர்த்துக்கொள்கிறேன்" என்று அது கேட்பதை நாம் பேச்சுத்திறன் என்கிறோம்.

கூட்டத்தில் ஒருவர் கைப்பேசியில், பாட்டுக்கு ஆடும் கொண்டைக்கிளியின் காணொளியைக் காட்டினார். 'ஸ்னோபால்' என்னும் அந்தப் பறவை உலகப்புகழ் பெற்றது. அது 14 வகையான அசைவுகளைத் தானாகவே ஆடுவதாக 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த ஆய்வாளர்களே எழுதியதை நண்பர் படிக்கவில்லை. உணவுக்காகவோ இணைக்காகவோ அது ஆடவில்லை, தன்னைப் பராமரிப்பவரோடு உறவாடுவதற்காகவே ஆடுகிறது என்று அவர்கள் கருதினார்கள்.

"காட்டுப்பறவை பாவம் என்கிறீர்கள். இதுவோ கூண்டிலேயே பிறந்தது, பத்திரமும் இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நன்கொடையாளர் பெர்ஹிலிடானிடம் முறையாக அனுமதி பெற்றவர், நான் கண்ணால் பார்த்தேன். குற்றம் சாட்ட எனக்கு எந்த உரிமையும் இல்லை. இருந்தாலும், பிள்ளைகளின் கண்ணுக்கு அனுமதிப் பத்திரம் தெரியாது. கூண்டில் இருக்கும் அழகான பறவைதான் தெரியும். வீட்டுக்குப் போய், "அப்பா, எனக்கும் ஒன்று" என்று கேட்கும். அப்பா இணையத்தில் தேடுவார். அங்கே விற்பவன் எங்கிருந்து கொண்டுவந்தான் என்று யார் கேட்கப் போகிறார்கள்? 2015-ஆம் ஆண்டு மே மாதம் சுராபாயா துறைமுகத்தில், வெறும் தண்ணீர்ப் போத்தல்களுக்குள் உயிரோடு திணித்துக் கடத்தப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட மஞ்சள் கொண்டைக்கிளிகளைப் போலீசு கைப்பற்றியது. போத்தலின் வாய்க்குள் தலை நுழைந்த நிலையில் வெளிவந்த அந்தப் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். சிறிய மஞ்சள் கொண்டைக்கிளி இன்று அழிவின் விளிம்பில் உள்ள பறவை. 2005 முதல் அதன் அனைத்துலக வாணிகம் தடைசெய்யப்பட்டுள்ளது. ஜாவாக் கடலில் மசாகம்பிங் என்னும் குட்டித்தீவில் வாழும் அதன் உள்ளினத்தை மொத்தமாக ஒரு பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடலாம், அவ்வளவுதான் எஞ்சியுள்ளன.

நகைமுரண் என்னவென்றால், இதே பறவை ஹாங்காங்கின் பூங்காக்களில் ஏறக்குறைய இருநூறு உள்ளன. எல்லாம் வீட்டுக்கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழித்தோன்றல்கள். சிங்கப்பூரிலும் சாங்கி, செந்தோசா பக்கம் போனவர்கள் வெள்ளைக் கொண்டைக்கிளிகள் கத்திக்கொண்டு பறப்பதைப் பார்த்திருக்கலாம். சொந்தக் காட்டில் இல்லாதது அயலூர் அடுக்குமாடிகளுக்கு இடையே பறக்கிறது. தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தக் காட்சி வேறுவிதமாகவும் படும். அதை இங்கே விரிக்க வேண்டாம்.

மேலும் நடைமுறைச் சிக்கலைப் பேசுவோம். பள்ளி பகல் ஒரு மணிக்கு மேல் அடங்கிவிடும். சனி, ஞாயிறு யாருமில்லை. ஆண்டிறுதி விடுமுறை வாரக்கணக்கில். தீவனமும் தண்ணீரும் வைக்கக் காவலாளியிடம் சொல்லிவிடலாம். நாள் முழுக்கக் கூட்டத்தோடு வாழப் பிறந்த பறவைக்கு அந்தக் காவலாளி ஐந்து நிமிடம் தரும் துணை போதுமா? தனிமையில் விடப்பட்ட கொண்டைக்கிளிகள் தம் மார்புச் சிறகைத் தாமே பிடுங்கிக்கொள்ளும். தோல் கிழிந்து இரத்தம் வரும்வரை பிடுங்குவதும் உண்டு. அதன் உடலிலிருந்து எப்போதும் வெள்ளைத்தூள் உதிரும், இளைப்பு நோயுள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. கெட்டியான கொட்டையை உடைக்கும் அலகு முதலாம் ஆண்டுப் பிள்ளையின் விரலை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வயதும் ஒரு சிக்கல். சிகாகோவுக்கு அருகில் புரூக்பீல்டு விலங்குக் காட்சிச்சாலையில் 'குக்கி' என்னும் கொண்டைக்கிளி 2016-இல் இறந்தபோது அதற்கு வயது 83. எல்லாம் அவ்வளவு காலம் வாழ்வதில்லை. ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டு என்பது வியப்பில்லை. ஓராண்டுத் தீவனத்தை நன்கொடையாளர் தருகிறார். மிச்ச ஆண்டுகளுக்கு? நான் இந்தப் பள்ளிக்கு வந்த பிறகு மூன்று தலைமையாசிரியர்கள் மாறிவிட்டார்கள். முன்பிருந்த முயல்கூண்டு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். அதில் விளையாட்டுத்துறையின் பழைய பந்துகளைப் போட்டு வைத்திருக்கிறோம்.

இதுவரை எழுதியதை அப்படியே கூட்டத்தில் படித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஆனால் போன வாரம் நன்கொடையாளர் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசுவதுதான் முறை என்று தோன்றியது. அவருடைய நல்லெண்ணத்தைச் சபையில் மறுத்துவிட்டேனே என்ற உறுத்தல் இருந்தது. போனேன்.

மாலை ஆறரை மணி. தேநீர் கொடுத்தார்கள். பறவை வரவேற்பறை மூலையில் பெரிய கூண்டில் இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் மார்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிறகில்லை. வெறுந்தோல். அவர் என் பார்வையைக் கவனித்துவிட்டார். "அம்மா வளர்த்தது டீச்சர். இருபத்திரண்டு வருசம். அம்மா போயி ஏழு மாசமாச்சி" என்றார்.

ஏழு மணி நெருங்கியதும் அது கத்தத் தொடங்கியது. வீடே அதிர்ந்தது. இரண்டு மூன்று முறை கொண்டையை விரித்துக் கத்திவிட்டு, பிறகு திடீரென்று ஒரு வயதான பெண்மணியின் குரலில், மிகத் தெளிவாக, "தம்பி வந்துட்டானா?" என்றது. மறுபடி கத்தியது. மறுபடி, "தம்பி வந்துட்டானா?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருடைய மனைவிதான் மெல்லச் சொன்னார். கணவர் வேலைமுடிந்து வரும் நேரம் அது. மாமியார் தினமும் அந்த நேரத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டு அப்படிக் கேட்பாராம். "இவரால தாங்க முடியல டீச்சர். விக்கவும் மனசு வரல. பிள்ளைங்க மத்தியில இருந்தா அதுவும் சந்தோசமா இருக்கும்னுதான் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கலாம்னு சொன்னாரு."

கூட்டத்தில் நான் அவரைப் பெருமைக்காகக் கொடுக்கிறவர் என்று மனத்துக்குள் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அவர் திரும்பி வந்தபின், ஆஸ்திரேலியாவின் தங்குமரங்களைப் பற்றிச் சொன்னேன். அந்த நேரத்தில் அது கத்துவது கோளாறோ பிடிவாதமோ அன்று, இருட்டுமுன் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்களா என்று கேட்கும் அதன் இனத்தின் பழக்கம் என்றேன். அதற்குத் தெரிந்த மொழியில் அம்மாவின் அந்தச் சொற்களும் கலந்துவிட்டன என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "அப்ப, பதில் சொல்லணுமா டீச்சர்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பள்ளியில் ஏழு மணிக்கு இருட்டும் பூட்டிய கதவும்தான் இருக்கும், பதில் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதைக் காட்டில் கொண்டுபோய் விடவும் வழியில்லை, கூண்டிலேயே வளர்ந்தது பிழைக்காது. இதே இனத்தை முறையான அனுமதியோடு, பெரிய பறவையகத்தில், ஒன்றுக்கு மேற்பட்டவையாக வைத்திருப்பவர் கிடைத்தால் அங்கே கொடுப்பது நல்லது. அதற்குப் பெர்ஹிலிடான் அலுவலகத்தில்தான் முதலில் கேட்க வேண்டும். அதுவரையில் மாலையில் யாராவது அதன் பக்கத்தில் உட்காருங்கள், கடிக்கக் காய்ந்த மரக்கட்டைகள் போடுங்கள் என்றேன். நான் விலங்கு மருத்துவர் அல்லள், தமிழாசிரியை. மருத்துவரிடம் மார்பைக் காட்டவும் சொல்லிவிட்டு வந்தேன்.

பள்ளிக்கு என்ன செய்வது? கூண்டு வராவிட்டால் பறவைப்பாடம் இல்லாமற்போகுமா? சோதித்துப் பார்த்துவிட்டேன். என் மூன்றாம் ஆண்டு மாணவர்களை நாளும் ஓய்வுநேரத்துக்குப் பிறகு பத்து நிமிடம் சிற்றுண்டிச்சாலை ஓரம் நிறுத்தி, மைனாக்களை மட்டும் பார்க்கச் சொன்னேன். பேசக்கூடாது, எறியக்கூடாது, எழுதலாம். முதல் இரண்டு நாள் ஒருவரும் உருப்படியாக எழுதவில்லை. ஐந்தாம் நாள், கூச்சத்தால் ஆண்டு தொடக்கத்திலிருந்து வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி, தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு மைனா மட்டும் நெகிழிப் பொட்டலத்தின் முடிச்சை இழுத்து அவிழ்க்கிறது, மற்ற மூன்றும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்று எழுதியிருந்தாள். 'நாளை அந்த மூன்றில் ஒன்று அவிழ்க்குமா என்று பார்க்க வேண்டும்' என்பது கடைசி வரி. எழுத்துப்பிழை நான்கு இருந்தது. அன்று நான் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை.

அடுத்த கூட்டம் வருகின்ற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. கூண்டுக்குப் பதிலாக இருநோக்கி நான்கு வாங்க அதே நிதியைக் கேட்கப் போகிறேன். அவ்வளவு பணம் இல்லையென்றால் இரண்டு. நன்கொடையாளர் நேற்றிரவு தொலைபேசியில் அழைத்தார். பறவையைப் பள்ளிக்குத் தருவதாக இல்லை என்று அவரே கூட்டத்தில் சொல்லிவிடுகிறாராம். பெர்ஹிலிடானில் கேட்டிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அந்தக் கத்தல் கேட்டது. "இருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைக்காமலே திரும்பி, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றார்.